கறையில்லாத கட்டை

போன மாதம் என் அக்காள் மகள் என்னைத் திருநள்ளாறு சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் ஓர் ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். 'விறகடுப்பு பிரியாணி' என்று பலகை. உள்ளே சமைப்பதென்னவோ கேஸில்தான் என்று பரிமாறுகிற பையனே ஒப்புக்கொண்டான். வாசலில் மட்டும் அழகுக்காகப் பிளந்த விறகை ஆள் உயரத்துக்கு அடுக்கி, அதற்கு வார்னிஷ் வேறு அடித்திருந்தார்கள். விறகுக்கு வார்னிஷ் அடிக்கும் காலம் வரைக்கும் நான் உயிரோடு இருப்பேன் என்று யார் நினைத்தார்கள்! சிரித்துக்கொண்டே அடுக்கைத் தடவிப் பார்த்தேன். ஒரு கட்டையின் வெட்டுமுகத்தில் கை நின்றுவிட்டது. பேனா மை சிந்திக் காய்ந்ததுபோல் நீலக் கறுப்பில் ஒரு திட்டு.

குனிந்து முகர்ந்தேன். வார்னிஷ் வாடைக்கு அடியில் லேசாக ஒரு புளிப்பு இருந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை.

"என்ன மாமா, வெறகப் போயி மோந்து பாக்குறீங்க?" என்றாள் அக்காள் மகள். அவளுக்கே எழுபது வயது தாண்டிவிட்டது. அவள் அம்மா வயிற்றில் இருந்தபோது நடந்த விஷயம் அது. அவளிடம் நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மீசை அரும்பிய வயதில் எனக்குக் கிடைத்த முதல் வேலை காரைக்காலில் ஒரு விறகு வாடியில். பெரிய தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடைச் சீட்டு எழுத வேண்டும். பிரெஞ்சுக்காரன் இன்னும் போகவில்லை. போகப்போகிறான் என்று பேச்சு மட்டும் இருந்தது. வாடி முதலாளி ஒரு மரைக்காயர். அவர் வீட்டு ஆண்களெல்லாம் பினாங்கு, சைகோன் என்று கப்பலேறியவர்கள். இவருக்கு மட்டும் கப்பலைப் பார்த்தாலே குமட்டும். அதனால்தான் தம்பி நான் மரத்தக் கட்டிக்கிட்டு அழுவுறேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நல்ல மனிதர். தொழுகைக்குப் போகும்போது கல்லாவை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்.

வாடிக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எந்த மரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று மூக்கு சொல்லிவிடும். சவுக்கு லேசாக இனிக்கும். வேம்பு தொண்டையில் கசக்கும். பச்சைப் புளிய மரத்தை அறுத்தால் வருகிற வாடை நாக்கின் இரண்டு ஓரத்திலும் ஊறும். சவுக்கைப் பிளக்கக் கைக்குழந்தை போதும். புளியங்கட்டை அப்படியல்ல. அதன் நார் ஒன்றுக்குள் ஒன்று முறுக்கிக்கொண்டிருக்கும். நடுவில் வைரம் பாய்ந்த இடம் கறுஞ்சிவப்பாக இருக்கும். அங்கே கோடாலியைப் போட்டால் பிடித்துக்கொண்டு தராது. ஓரத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். வெட்டுமுகத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பைத் தேடி, அதில் இரும்பு ஆப்பைக் கொடுத்து, சம்மட்டியால் போட்டு, பக்கவாட்டில் செதிள் செதிளாகக் கழற்றிக்கொண்டே நடுவுக்கு வர வேண்டும். அதுவும் மரம் பச்சையாக இருக்கும்போதே. காய்ந்துவிட்டால் அப்புறம் சாமி வந்தாலும் பிளக்காது என்பார் சம்மந்தம்.

சம்மந்தம்தான் எங்கள் வாடியின் விறகு பிளக்கும் ஆள். ஆறடி உயரம், முறுக்கிய மீசை, வாய் ஓயாத பெருமை. புதுச்சேரி கவர்னரே தன் மீசையைப் பார்த்து வண்டியை நிறுத்தினார் என்று ஒரு கதை வைத்திருந்தார். சொல்லும் ஒவ்வொரு தடவையும் வண்டி பெரிதாகிக்கொண்டே போகும். அப்பேர்ப்பட்ட ஆள் ஒன்றே ஒன்றுக்குத்தான் பயப்படுவார். வெட்டுமுகத்தில் நீலக் கறை தெரிகிற புளியங்கட்டைக்கு.

கறை எப்படி வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அப்போது பெண்களுக்குப் பேய் பிடித்தால் கோடாங்கியைக் கூப்பிடுவார்கள். உடுக்கை அடித்து ஆடவிட்டு, நீ யார் என்று பேயின் பெயரைக் கேட்டு, உச்சி வேளையில் புளியமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். உச்சந்தலை முடியில் ஒரு கற்றையை மரத்தோடு வைத்து நீளமான ஆணியால் அறைந்து, முடியை அறுத்துவிடுவார்கள். பெண் வீட்டுக்குப் போய்விடுவாள். பேய் மரத்திலேயே நிற்கும். மரம் வளர வளரப் பட்டை அந்த ஆணியை விழுங்கிவிடும். உள்ளே இரும்பும் புளியமரத்துச் சாறும் கலந்து, நார் ஓடுகிற வழியெல்லாம் மேலும் கீழும் கறுத்துக்கொண்டு போகும். மரத்தைத் துண்டு போடும்போது முகத்தில் அந்த நீலம் தெரியும். கறை இருந்தால் உள்ளே ஆணி இருக்கிறது. ஆணி இருந்தால் கூட யாரோ இருக்கிறார்கள்.

எங்கள் தெருக்கோடியில் அரசலாற்றங்கரை ஓரமாக அப்படி ஒரு மரம் இருந்தது. அதில் என் அக்காவின் ஆணியும் இருந்தது.

அக்காவுக்குச் செலின் என்று ஒரு சிநேகிதி. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தாவின் மகள். அவள் கான்வென்டில் படித்தாள். அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றவள். இருந்தாலும் இரண்டு பேரும் ஒருத்திக்குள் ஒருத்தி குடியிருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பூவைத் தொடுத்தால் பாதி அவளுக்குப் போகும். அவளிடமிருந்து ஒரு நீல ரிப்பன் இவள் சடைக்கு வந்தது. ஒரு ஆவணி மாதம், ஆற்றில் புதுவெள்ளம் ஓடும்போது இருவரும் குளிக்கப் போனார்கள். அக்கா மட்டும் திரும்பி வந்தாள். செலினை மறுநாள் கடல் முகத்துவாரத்தில் எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அக்கா பேசுவதை நிறுத்திவிட்டாள். பேசினால், எங்கள் யாருக்கும் புரியாத ஒரே ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். கோடாங்கி அதை ஏதோ மந்திரம் என்று சொல்லிப் பதில் மந்திரம் போட்டார். பிறகு ஒருநாள் செலினின் அப்பா வாசல் வழியாகப் போனவர் அந்தக் குரலைக் கேட்டு நின்றார். அது பிரெஞ்சு என்றார். 'மழை பெய்யுது, கதவைத் திறங்க' என்று அர்த்தமாம். சொல்லிவிட்டு அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அது கான்வென்டில் முதல் வகுப்புப் பாடத்தில் இருந்திருக்கலாம். செலின் சத்தமாகப் படித்ததை அக்கா கேட்டிருக்கலாம். இப்போது எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. ஐப்பசியில் ஒரு நாள் உச்சிப் பொழுதில் அம்மாவும் கோடாங்கியும் அக்காவை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நீல ரிப்பன் கட்டியிருந்த முடியையே பிடித்து ஆணி அறைந்தார்களாம். நான் அம்மை போட்டுப் படுத்திருந்தேன், பார்க்கவில்லை.

அக்கா தெளிந்துவிட்டாள். நன்றாகச் சாப்பிட்டாள், சிரித்தாள். சில வருஷம் கழித்து நெரவியில் வயலும் வாய்க்காலுமாக இருந்த குடும்பத்தில் கட்டிக்கொடுத்தோம். பேய் பிடித்த விஷயத்தை மாப்பிள்ளை வீட்டில் மூச்சு விடவில்லை. ஒரே ஒரு பழக்கம்தான் அவளிடம் புதிதாக ஒட்டிக்கொண்டது. மழை வந்தால் கொல்லைக் கதவைத் தாழ் போட மாட்டாள். அம்மா போட்டாலும் பின்னாலேயே போய் எடுத்துவிடுவாள். கூடமெல்லாம் ஈரமாகிறது என்று அம்மா திட்டுவாள். புழுக்கமா இருக்கும்மா என்பாள் அக்கா. ஐப்பசி மழையில் என்ன புழுக்கம் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

தலைப்பிரசவத்துக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்த வருஷம்தான் கார்த்திகையில் ஒரு பெரும்புயல் அடித்தது. கூரைகள் பறந்து, தென்னைகள் படுத்து, ஊரே துடைத்துவிட்ட மாதிரி ஆனது. தெருக்கோடிப் புளியமரம் வேரோடு சாய்ந்து பாதையை மறித்துக் கிடந்தது. மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி ஆபீசில் அதை ஏலம் விட்டார்கள். எங்கள் மரைக்காயர் எடுத்தார். மார்கழி பிறந்ததும் மரம் துண்டு துண்டாக மாட்டுவண்டியில் வாடிக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு துண்டும் ஆட்டுரலைவிடப் பெரிசு. முகம் முகமாக நீலக் கறை. சம்மந்தம் அதைப் பார்த்துவிட்டுப் போய்த் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். நான் எடைச் சீட்டில் தேதியைத் தப்பாக எழுதினேன்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டாள். அம்மாவின் கணக்கு எளிமையானது. கட்டையைப் பிளந்தால் ஆணி வெளியே வரும். ஆணி வெளியே வந்தால் செலின் வெளியே வருவாள். வந்தவள் எங்கே போவாள்? போன தடவை யாரிடம் வந்தாளோ அவளிடம். அவளுக்கோ நிறைமாதம். தாயா பிள்ளையா என்று ஆகிவிடும்.

மறுநாள் காலை அம்மா முக்காடு போட்டுக்கொண்டு வாடிக்கு வந்து மரைக்காயர் முன்னால் நின்றாள். குழந்தை பிறக்கிற வரைக்கும் அந்த மரத்தை யாரும் தொடக்கூடாது என்றாள். மரைக்காயர் சங்கடப்பட்டார். பங்குனியில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்கு விறகு தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். புளிய விறகுதான் நின்று எரியும் என்று கேட்டிருந்தார்கள். இப்போது பிளந்தால்தான் அதற்குள் காயும். தாடியைத் தடவிக்கொண்டே போய்க் கட்டைகளைப் பார்த்துவிட்டு வந்தார்.

"கறை உள்ள கட்டைய எல்லாம் ஓரமா உருட்டிடச் சொல்றேன். புள்ள நல்லபடியா பொறக்கட்டும், இன்ஷா அல்லா. கறை இல்லாதத மட்டும் பொளந்துக்கிறேன். சரிதானம்மா?"

அம்மா ஒப்புக்கொண்டாள். கறை இல்லாத கட்டையில் ஆணி இருக்க வழி இல்லை. சம்மந்தமும் அப்படித்தான் சொன்னார், சத்தியம் செய்யாத குறையாக.

கறைக் கட்டைகளை மதில் ஓரமாக உருட்டிவிட்டார்கள். அம்மா ஒவ்வொன்றுக்கும் விபூதி பூசினாள். தினமும் மத்தியானச் சோறு வடித்துவிட்டு வந்து, அவற்றுக்கு எதிரே ஒரு சவுக்குக் கட்டின் மேல் உட்கார்ந்துகொள்வாள். மழை விட்டு வெயில் அடிக்கும் பிற்பகல்களில் அந்த ஓரத்திலிருந்து 'டப்' என்று ஒரு சத்தம் வரும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு கட்டையிலிருந்து 'டப்'. பச்சை மரம் காயும்போது அப்படித்தான் வெடிக்கும், எல்லா மரமும் வெடிக்கும். ஆனால் இவை ஒன்று கேட்டு ஒன்று பதில் சொல்கிற மாதிரி வெடித்தன. ஒவ்வொரு சத்தத்துக்கும் சம்மந்தம் சம்மட்டியை இறக்கிவைத்துவிட்டு, அது அடங்கும் வரை நிற்பார். கவர்னர் கதையை அந்த மாதம் அவர் சொல்லவே இல்லை.

வீட்டில் அக்காவுக்குக் கட்டுக்காவல். கொல்லைக்குப் போவதென்றாலும் முந்தானையில் வேப்பிலையும் ஒரு துண்டு இரும்பும் முடிந்துகொண்டு போக வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரியை இரும்பு காக்கும் என்பது தெரிந்ததுதானே. அம்மா ஒரு பழைய சாவியைக் கொடுத்தாள். அக்கா வாங்கிக்கொள்ளவில்லை. எங்கிட்ட இரும்பு இருக்கும்மா என்று இடுப்பைத் தட்டிக் காட்டினாள்.

மார்கழி முடியப்போகிற ஒரு நாள், கறை இல்லாதவற்றில் கடைசியாகச் சம்மந்தம் எடுத்தது அடிமரத்துத் துண்டு. இரண்டு முகத்திலும் கறையின் சாயலே இல்லை. பிள்ளையார் மாதிரி சுத்தமாக உட்கார்ந்திருந்தது. ஓரத்தில் வெடிப்பைப் பார்த்து ஆப்பைக் கொடுத்துச் சம்மட்டியைப் போட்டார். வழக்கமாகப் புளியங்கட்டை முனகும். நார் ஒவ்வொன்றாக அறுபடுவது கேட்கும். இது மூன்றாம் அடியில் சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது.

திறந்த இடத்தில், பட்டைக்குக் கொஞ்சம் உள்ளே, விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. அதற்குள் சுருட்டிய முடி. முடிக்கு நடுவில் நீல ரிப்பன். மழையும் வெயிலும் படாமல் இருந்ததால் கடையில் வாங்கிய நிறத்திலேயே இருந்தது. பச்சை மரத்தின் ஈரத்தில் அது பளபளத்தது.

ஆணி இல்லை.

சம்மந்தம் பின்னாலேயே நடந்துபோய் மதிலில் இடித்துக்கொண்டார். அம்மா எழுந்து வந்தாள். பொந்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். செதிளை எல்லாம் கையால் விலக்கினாள். பட்டையைத் திருப்பிப் போட்டாள். நானும் தேடினேன்.

"ஆணி எங்கடா?" என்றாள் என்னைப் பார்த்து. அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பதிலுக்குக் காத்திராமல் தெருவில் இறங்கி ஓட ஆரம்பித்தாள். அம்மா ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பின்னால் நானும் ஓடினேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

அக்கா அடுப்படியில் நிலைப்படிக்குச் சாய்ந்து உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கொல்லைக் கதவு திறந்திருந்தது. சொட்டச் சொட்ட நனைந்து நின்ற எங்களைப் பார்த்தாள். அம்மாவின் கையில் இருந்த ரிப்பனைப் பார்த்தாள். கீரையை ஒதுக்கிவைத்தாள்.

"ஆணி அங்க இருக்காதும்மா. எங்கிட்டதான் இருக்கு."

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். வேப்பிலைக்கு நடுவில் நீளமாக, சதுரத் தலையோடு ஓர் ஆணி. கை பட்டுப் பட்டுத் துருவெல்லாம் போய் வழவழவென்று இருந்தது. இத்தனை மாதம் பிள்ளையைக் காக்கிற இரும்பென்று அவள் இடுப்பில் இருந்தது அதுதான்.

ஆணி அடித்த மறுநாள் விடியற்காலையில் நல்ல மழையாம். யாரும் எழுந்திருக்கும் முன்னே இவள் கொல்லைப் பக்கமாக மரத்தடிக்குப் போயிருக்கிறாள். பாக்குவெட்டியை வைத்து நெம்பிப் பிடுங்கியிருக்கிறாள். அம்மாவுக்குத் தெரியக்கூடாதென்று முடியையும் ரிப்பனையும் ஓட்டைக்குள்ளேயே திணித்து, களிமண்ணால் பூசிவிட்டு வந்திருக்கிறாள். எங்கள் பாக்குவெட்டியின் வாய் உடைந்திருந்தது உண்மை. அதற்காக நான் அடி வாங்கியதும் உண்மை.

"ஏண்டி அப்புடி செஞ்ச?" அம்மாவின் குரல் அடங்கிப்போயிருந்தது.

"மழையில நின்னுகிட்டு இருந்தாம்மா. ஆத்துல போனவ. தண்ணின்னா அவளுக்குப் பயம்" என்றாள் அக்கா. கீரையை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டு, "கூடத்தான் இருக்கா இத்தன வருஷமா. யாரையாவது ஒண்ணு செஞ்சிருக்காளா, சொல்லு" என்றாள்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொல்லையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. திறந்த கதவு வழியாகச் சாரல் உள்ளே வந்தது. அக்காவின் கண் ஒரு தடவை அம்மிக்குப் பக்கத்தில் கிடந்த மணைக்குப் போய்த் திரும்பியது. நானும் பார்த்தேன். வெறும் மணை. அதைச் சுற்றித் தரை ஈரமாக இருந்தது. சாரல் அவ்வளவு தூரம் வருமா என்று எனக்கு அப்போது யோசிக்கத் தைரியம் இல்லை.

அம்மாவும் அந்த மணையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"சாப்ட்டாளா அவ?"

அக்கா தலையாட்டினாள். இல்லை என்றா, ஆமாம் என்றா, அந்த ஆட்டலில் எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுந்து போய்ப் பானையிலிருந்து ஒரு தட்டில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, அந்த மணைக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தாள். பிறகு எனக்கும் போட்டாள். நான் சாப்பிட்டேன் என்று சொன்னால் நம்புங்கள். ஈரத் துணியோடு, அந்த மணையைப் பார்க்காமல், ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.

தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். அந்தக் குழந்தை பிரெஞ்சில் பேசியது என்று நான் சொல்லப்போவதாக நீங்கள் நினைத்தால், இல்லை. அவளுக்குத் தமிழில் அ, ஆ வரவே ஆறு வயதானது. ஆனால் தனியாக விளையாட விட்டாலும் அவள் ஒருநாளும் தனியாக விளையாடுகிற மாதிரி இருந்ததில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

கறைக் கட்டைகளைப் பிளக்கச் சம்மந்தம் கடைசி வரைக்கும் வரவில்லை. மரைக்காயரும் வற்புறுத்தவில்லை. அவை மதில் ஓரத்திலேயே கிடந்து கறையான் பிடித்தன. மண்ணாகி உதிர்ந்த பிறகு ஆணிகள் மட்டும் தரையில் நீட்டிக்கொண்டு கிடந்தன. யாரும் பொறுக்கவில்லை. பிரெஞ்சுக்காரன் போனான். கேஸ் வந்தது. வாடி இருந்த இடத்தில் இப்போது ஸ்கூட்டர் விற்கிறார்கள்.

அக்கா போய் ஏழெட்டு வருஷம் இருக்கும். ஆஸ்பத்திரியில்தான் போனாள். மழைக்காலம் அது. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான் முதலில் அவள் முந்தானையைத்தான் பார்த்தேன். முடிச்சு இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. பெட்டியில், மாடத்தில், அரிசிப் பானைக்குள்கூடத் தேடினேன். துக்கத்தில் கிழவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். ஆணி கிடைக்கவில்லை. அம்மா எப்போதோ போய்விட்டாள். அக்கா ஆணியைக் கூடவே கொண்டுபோனாளா, செலினை இங்கேயே விட்டுவிட்டுப் போனாளா என்று கேட்க எனக்கு யாரும் இல்லை.

ஓட்டலிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அக்காள் மகள் பிளாஸ்டிக் திரையை இழுத்து விட்டுக்கொண்டே, "அம்மா இருந்தா இந்நேரம் கொல்லக் கதவத் தெறந்து வச்சிருப்பாங்க, இல்ல மாமா? ஏன்னு கடைசி வரைக்கும் சொன்னதே இல்ல" என்றாள். நான் என் பக்கத்துத் திரையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

பழைய வீட்டை விற்றுவிட்டு இப்போது நாங்கள் எல்லாரும் ஒரு அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். எல்லா வசதியும் உண்டு. ஒரே ஒரு வாசல்தான். அதுவும் தானாகப் பூட்டிக்கொள்கிற கதவு. கொல்லை கிடையாது, கொல்லைக் கதவும் கிடையாது. அன்று இரவு முழுக்க மழை விடவில்லை. நான் எழுந்து போய் அந்தக் கதவைத் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு செருப்பை இடுக்கில் வைத்துவிட்டு வந்து படுத்தேன். காலையில் மகன் கேட்டான். புழுக்கமாக இருந்தது என்றேன்.